வாழ்த்துக் கேட்டவள்

கோர்ட்டு வராந்தாவில் அபிநயாவின் காலடியில் ரேணுகாம்பாள் உட்கார்ந்திருக்கிறாள். மத்தியான வெயில் இருவர் மேலும் விழுகிறது. எதிர் பெஞ்சில் ரேணுகாம்பாளின் மகன் வேணு, கைவிலங்கோடு, போலீஸ்காரர் பக்கத்தில் தலை குனிந்திருக்கிறான். பஜ்ஜிக் கடையில் நின்ற திருநங்கை அபிநயாவின் மேல், "இதுக்கெல்லாம் வலிக்குமா பாக்கலாம்டா" என்று சிரித்துக்கொண்டே கொதிக்கிற எண்ணெயை ஊற்றியவன். குற்றவாளி என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். எத்தனை வருஷம் என்று இனிமேல்தான் சொல்வார்கள். "அரவாணி வாழ்த்துனா பலிக்கும்னு சொல்றாங்க கண்ணு. தண்டனை கம்மியாவணும்னு என் புள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லு," என்று ரேணுகாம்பாள் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டுகிறாள். கொஞ்சம் திருநீறு அபிநயாவின் புடவையில் உதிர்கிறது. வராந்தாவில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். வேணு முதல்முறையாகத் தலை தூக்கி அபிநயாவின் முகத்தைப் பார்க்கிறான். வெந்து சுருங்கிய கன்னத்தில் வேர்வை இறங்கி எரிகிறது, அவள் துடைக்கவில்லை. "நேரமாவுதும்மா, எழுந்திரு," என்கிறார் போலீஸ்காரர். உள்ளே நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்கிறது. அபிநயா திருநீற்றைக் கிள்ளியெடுத்து ரேணுகாம்பாளின் நெற்றியில் அழுத்திப் பூசுகிறாள். "நீ நல்லா இரும்மா," என்கிறாள். "உன் புள்ள உள்ளயே இருக்கட்டும்."