மறுபக்கச் சட்டம்

திருமதி ஆக்ராய்ட் பூனைக் கதவு பொருத்தச் சொன்னது சமையலறைக் கதவில் அல்ல, பூட்டியிருந்த மாடி அறைக் கதவில்.

நான் தச்சன். இங்கிலாந்தின் ஹல் நகரில் இருநூறு வீடுகளுக்காவது, பூனை தலையால் முட்டித் திறந்து போய்வரும் இந்தச் சின்னக் கதவைப் பொருத்தியிருப்பேன். அதற்கு இரண்டு சட்டங்கள் உண்டு, கதவின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டையும் சேர்த்துத்தான் ஸ்க்ரூ முடுக்க வேண்டும்.

“கதவைத் திறந்தாத்தான் முடியும்மா.”

“வேணாம் தம்பி. ஓட்டை போட்டு அந்தச் சட்டத்தை உள்ளே குடு. என் பூனை புடிச்சுக்கும்.”

சிரித்துக்கொண்டே அறுத்தேன். பலகைத் துண்டு உள்ளே விழுந்தது. ஒரு கை அதை எடுத்து ஓட்டை வழியாக என்னிடம் நீட்டியது. ஐந்து விரல்கள். நகங்களை ஒழுங்காக வெட்டிவிட்டிருந்தார்கள்.

“சமத்து,” என்றார் திருமதி ஆக்ராய்ட்.

சட்டத்தைக் கொடுத்தேன். நான்கு ஸ்க்ரூவும் ஏறும்வரை அந்தக் கை அதை ஆடாமல் பிடித்திருந்தது.

“உள்ளே தள்ளினா திறக்கணும், வெளியே தள்ளினா திறக்கக் கூடாது. அப்படி வை.”

பூனைக் கதவில் இருந்த பூட்டுக் குமிழை அப்படியே திருப்பினேன். அந்தக் கை உள்ளிருந்து மெதுவாக ஒருமுறை தள்ளிப் பார்த்தது. திறக்கவில்லை. மறுபடி தள்ளியது.

“விடு, பழகிடும். டீ ஆறுது பாரு.”

நான் போட்ட இருநூறில் இதுதான் இம்மியும் கோணாமல் அமைந்தது.