இந்த விலைக்கு இப்படித்தான்

"ஒண்ணும் புரியாத கிழவின்னு பாத்து, தேங்கிக் கிடந்த குப்பையைத் தலையில கட்டிட்டீங்களே, வெட்கமா இல்ல?"

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஆர்ட்டு ஒரு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். குரல் கடை முழுக்கக் கேட்டது. பின்லாந்தின் குவோபியோ நகரில் அந்தக் கம்ப்யூட்டர் கடையை நடத்திவரும் பிர்கோ, கையில் இருந்த ரசீதுகளைக் கீழே வைத்தாள்.

"யாருங்க பேசறது?" என்றான் ஆர்ட்டு.

"சன்னா. ஆஸ்திரேலியாவுலேர்ந்து. போன வாரம் எங்கம்மா இர்யா உங்ககிட்டதான் லேப்டாப் வாங்கினாங்க. பழசு செத்துப்போச்சுன்னு."

"ஞாபகம் இருக்கு."

"என்ன வாங்கணும்னு ஒரு சீட்டு எழுதி அனுப்பினேனே, அதைப் பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன். பதினாறு ஜிபி ராம், ஐ ஃபைவ் பிராசஸர், நல்ல கேமரா. ஐந்நூறு யூரோவுக்குள்ள."

"அதுல ஒண்ணாவது இருக்கா? அம்மாவுக்கு ராமும் தெரியாது, ஜிபியும் தெரியாது. உங்களுக்கு அது வசதியாப் போச்சு. வீடியோவுல முகமே தெரியல. தண்ணிக்குள்ள உக்காந்து பேசற மாதிரி இருக்கு. பழசுல சுவத்துல மாட்டியிருக்கற காலண்டர் தேதிகூடத் தெரியும்."

ஆர்ட்டு பெட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"எனக்கு எட்டாம் மாசம். சிக்கல் இருக்கு, பிளேன் ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஞாயித்துக்கிழமை அந்த முகத்தைப் பாக்கறது ஒண்ணுதான் எனக்கு. மாத்திக் கொடுங்க."

"மாத்தறதுல பிரயோஜனம் இல்லைங்க. இந்த விலைக்கு எல்லாத்துலயும் கேமரா இப்படித்தான்."

பச்சைப் பொய். அதே அலமாரியில், அதே விலையில், கண்ணாடி மாதிரி முகம் காட்டும் லேப்டாப்புகள் நாலு இருப்பது பிர்கோவுக்குத் தெரியும்.

"உங்கம்மாவுக்கும் இதைத்தான் விப்பீங்களா?"

மறுமுனையில் அழுகைச் சத்தம் கேட்டது. பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது.

குளிர்கால மதியம், மணி மூன்றுதான். வெளியே அதற்குள் இருட்டிவிட்டிருந்தது.

"உன் கோட்டை எடுத்துக்க," என்றாள் பிர்கோ. "வேலையில உன் சோதனைக் காலம் முடிய மூணு வாரம் இருக்கு. அதுவரைக்கும் வேண்டாம், இன்னியோட போதும்."

"சரி."

"பழைய சரக்கை வித்துத் தீத்துடுன்னு நான்தான் சொன்னேன். அதுக்காக ஒரு வயசானவங்களை ஏமாத்தச் சொன்னேனா?"

அவன் கோட்டை மாட்டிக்கொண்டான். சண்டை போடுவான் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள்.

"வாயைத் திறந்து சொல்லேன். நல்லது நாலு இருக்கறப்போ ஏன் அதைக் கொடுத்தே?"

"நல்லதைத்தான் முதல்ல எடுத்து வெச்சேன். வேணாம்னுட்டாங்க. ஏழு லேப்டாப்பைத் திறந்தோம். வேற எதையும் கேக்கல. ஒவ்வொண்ணுலயும் கேமராவை மட்டும் போட்டு, தன் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தாங்க."

"அப்புறம்?"

"'பொண்ணு கூப்பிட்டுத் திட்டுவா, அந்தத் திட்டை எனக்காகக் கொஞ்சம் வாங்கிக்கப்பா'ன்னாங்க. 'குழந்தை பிறக்கற வரைக்கும் அவ கிளம்பி வந்துடக் கூடாது. இந்த ஒண்ணுலதான் என் கன்னம் ஒட்டிப்போனது தெரியல.'"