மிதி, மதி

“மிதி!” என்று தூக்கி நிறுத்திய காருக்கு அடியிலிருந்து கத்தினாள் சுசீலாபாய்.

ஓட்டுநர் இருக்கையில் இருந்த அவள் கணவர் ஞானையன் காலை எடுத்துவிட்டார்.

போச்சு. வெளியே வந்த காற்றெல்லாம் திரும்ப உள்ளே ஏறிக்கொண்டது. இது மூன்றாவது தடவை.

கிளட்சின் இரண்டு சிலிண்டரும் புதிது. ஐ.டி.ஐ.யில் இருபத்தெட்டு வருடம் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தியவள் தன் கையால் மாட்டியது. ஆனாலும் பெடல் செத்த பாம்பாகத் தரையோடு கிடந்தது. ஆயிலில் காற்று புகுந்தால் அப்படித்தான். ஒருவர் மேலே மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் கீழே நட்டைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும். மூடும் முன் கால் எழுந்தால் கதை முதலிலிருந்து.

தான் வந்து மிதிப்பதாகச் சொன்னாள் பக்கத்து வீட்டு சிஜி. வேண்டாம், ஆள் இருக்கிறது என்று அவளை அனுப்பிவிட்டாள் சுசீலாபாய்.

அந்த ஆளின் இடதுகால் பக்கவாதத்தில் விழுந்து மூன்று மாதம். தினம் நூறு தடவை பந்தைக் காலால் அழுத்திப் பழகாவிட்டால் ஊன்றி நடக்கும் கம்பை விட முடியாது என்று நேமத்து பிசியோதெரபிஸ்ட் கறாராகச் சொல்லிவிட்டாள். ஞானையனோ பத்தாவது தடவையிலேயே “மதி” என்று கையைத் தூக்கிவிடுவார். மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். தம்பானூரிலிருந்து முப்பத்தோரு வருடம் அரசு பஸ் ஓட்டிய காலுக்கு ரப்பர் பந்தை அழுத்த வெட்கம்.

மதி! அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் ‘நீங்க’ போடுகிறவள், காருக்கு அடியில் போனதும் வகுப்பறைப் பழக்கத்தில் ‘மிதி’ என்று ஏவுகிறாள். மனுஷனுக்கு அது ‘மதி’ என்று கேட்கிறது. ஆசைப்பட்டதுதானே காதில் விழும்.

“இனி ‘மிதி’ன்னு சொல்ல மாட்டேன், ‘சவுட்டு’ன்னுதான் சொல்லுவேன். சவுட்டு! நான் சொல்லாம காலை எடுக்கப்பிடாது!”

சவுட்டினார். நட்டிலிருந்து குழாய் விட்டிருந்த பாட்டிலுக்குள் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. ஐந்து. பத்து. காற்று குறையக் குறையப் பெடல் கனத்தது. அவர் மூச்சு வாங்குவது கீழே கேட்டது. அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

இருபத்து நான்கில் குமிழி நின்றது. நட்டை இறுக்கிவிட்டு, ஸ்பானரைச் சத்தம் வராமல் தரையில் வைத்தாள்.

“சவுட்டு!”

நாற்பது. ஐம்பது. அதற்கு மேல் அவளுக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது.

“இன்னும் காத்து உண்டா பிள்ளே?” என்று மேலிருந்து குரல் வந்தது.

“உண்டு. நெறய உண்டு.”

பெடல் அசையவில்லை. ஆயுசில் பாதியைக் கிளட்ச் மிதித்தே கழித்தவருக்கு, காற்றுப் போன பெடல் காலில் தெரியாமலா இருக்கும்?

பெடல் மறுபடி இறங்கியது.

“செரி, நூறு முழுசாத் தெகையட்டு,” என்றார் ஞானையன். “இது அறுவத்தி ஏழு.”