நுரைக்காத மூன்றாம் தொட்டி

ஈஸ்ட் தொழிற்சாலைக்கு வந்த நிபுணர், மூன்றாம் தொட்டியின் திரை முன்னால் மடிக்கணினியோடு உட்கார்ந்தார். தொட்டிக்குள் வளரும் ஈஸ்டுக்குத் தீனியாகச் சர்க்கரைப்பாகு எந்த வேகத்தில் இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல வந்த மேதாவி அவர்.

"சார், அந்தத் தொட்டியில..." என்று ஆரம்பித்தார், இருபது வருடமாக வால்வு திருப்பும் ஆபரேட்டர்.

"உங்க கைப்பக்குவத்தை வீட்டுச் சமையல்ல காட்டுங்க. இது விஞ்ஞானம்."

ஆபரேட்டர் வால்வை விட்டுத் தள்ளி நின்றார்.

நிபுணர் பாகின் வேகத்தைக் கூட்டினார். ஒரு மணி நேரம் கழித்து இன்னும் கூட்டினார். பிறகு முதலாளியை அழைத்துத் திரையைக் காட்டினார்.

"இவர் இதுல பாதி விட்டாலே, ஈஸ்ட் அதைத் தின்னத் தின்ன நுரை பொங்கி வழியும், அது மூச்சு வாங்கி ஆக்சிஜன் அதலபாதாளத்துக்குப் போயிடும். இப்ப பாருங்க, நுரையே இல்ல. ஆக்சிஜன் ஒரு புள்ளி இறங்கல. ஈஸ்டுக்கு வயிறும் நிறைஞ்சிருக்கு, மூச்சும் முட்டல!"

முதலாளி பூரித்துப்போனார். "எல்லாத் தொட்டிக்கும் இனிமே இதே வேகம்தான்" என்றவர், ஆபரேட்டர் பக்கம் திரும்பினார். "நீங்க நாளையிலேருந்து வர வேண்டாம்."

"சரிங்க. காலையில கழுவின தொட்டி அது, இன்னும் ஈஸ்டே விடல. உள்ள இருக்கறது வெறும் சர்க்கரைத் தண்ணி" என்றார் ஆபரேட்டர். "சார் ரொம்ப நேரமா பேசிட்டாரு. ஒரு டம்ளர் பிடிச்சுக் குடுங்க."