வயிற்றுப் புள்ளிகள்

பொறியாக வைத்திருந்த கடைசி பாட்டிலைக் குளத்திலிருந்து தூக்கினார் ப்ராசர். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் குளிரான ஏப்ரல் மாதக் காலை அது.

"என்ன சார், இதுவும் காலிதானே?" என்றபடி ஃப்ளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டான் கட்டுமானக் கம்பெனி ஆள் கெண்ட்ரிக். வேலிக்கு அப்பால் மண் அள்ளும் இயந்திரம் காத்திருந்தது.

அரசாங்கத்தின் சார்பில் ப்ராசர் ஐந்து தடவை பொறி வைத்துப் பார்த்தாகிவிட்டது. அருகிவருவதால் சட்டம் பாதுகாக்கும் கொண்டை நீர்ப்பல்லி ஒன்றுகூடச் சிக்கவில்லை. இந்த ஆறாவது தடவையும் இல்லையென்றால் குளத்தை மூடி நாற்பது வீடு கட்டுவார்கள். ஒன்றே ஒன்று இருந்தாலும் குளத்தில் கைவைக்க முடியாது. 'இங்கே பல்லி இருக்கிறது' என்று ஊர்க் கூட்டத்தில் அடித்துச் சொன்னவர் ப்ராசர்தான்.

பாட்டிலுக்குள் ஒரு வால் சுழன்றது.

"அடச் சே!" டீ கெண்ட்ரிக்கின் பூட்ஸில் கொட்டியது. "சரி, வயித்தைப் படம் எடுங்க."

"எதுக்குப்பா? முதுகுல கொண்டை தெரியுதே, அதுவே போதும்." ப்ராசர் பாட்டிலைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"விளையாடாதீங்க சார். நமக்குக் கைரேகை மாதிரி இதுக்கு வயித்துப் புள்ளின்னு ஸ்கூல்ல வந்து பாடம் எடுத்ததே நீங்கதான். என் பொண்ணு ஒரு வாரம் அதையே சொல்லி உயிரை வாங்கினா. எடுங்க, ஏற்கெனவே பிடிச்ச பல்லிங்க படம் இருக்குற பதிவேட்டுல உங்க ஆபீஸ்ல ஒத்துப் பாக்கட்டும்."

அந்தப் பதிவேட்டில் பாதிப் படங்கள் ப்ராசர் தன் வீட்டுத் தோட்டக் குளத்தில் எடுத்தவை. அவருக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது.

வேறு வழியில்லை. பல்லியைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டு, கீழிருந்து ஒரு படம் எடுத்தார். பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை இறுக மூடி, மெல்லத் திறந்தார்.

கேமரா திரையில் ஆரஞ்சு வயிறு, அதில் கறுப்புப் புள்ளிகள். பெரிதாக்கி, தொண்டையிலிருந்து வால்வரை ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

அப்பாடா, குளம் பிழைத்தது! பக்கத்தில் கெண்ட்ரிக் நிற்பதே மறந்துபோய், சந்தோஷத்தில் கத்திவிட்டார்.

"அட, நான் நேத்து கொண்டாந்து விட்ட பல்லி இது இல்லவே இல்ல!"