எரிமலைப் பெட்டி

எரிமலைப் பாடத்துக்கு அமலோற்பவம் டீச்சர் வருஷந்தோறும் களிமண்ணில் ஒரு மலை செய்து, சோடா உப்பும் வினிகரும் ஊற்றி நுரை பொங்க வைப்பாள். போன வருஷம் அது பொங்கியபோது ஒருத்தி கொட்டாவி விட்டபடியே, "இத யூடியூப்ல பாத்தாச்சு டீச்சர்," என்றாள். இந்த வருஷம் களிமண் பிசையத் தெம்பில்லை. காலி அட்டைப்பெட்டி ஒன்றைப் பச்சைத் துணியால் மூடி மேசைமேல் வைத்தாள். "யாரும் கிட்ட வரக்கூடாது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினாள். எட்டாம் வகுப்பு மூச்சுக் காட்டவில்லை. பூமிக்கடியில் பாறை உருகுவதைச் சொன்னபோது முன்வரிசைப் பிள்ளைகள் காலைத் தூக்கிப் பெஞ்சுமேல் வைத்துக்கொண்டார்கள். எப்போதும் தலை சாய்த்துத் தூங்கும் முத்துப்பேச்சிகூட எழுந்து நின்று, "அது ஏன் டீச்சர் இத்தன காலமா உள்ளேயே கெடந்துச்சு?" என்று கேட்டாள். அந்த அறையில் ஒரு பிள்ளை கடைசியாக எப்போது கேள்வி கேட்டது என்று டீச்சருக்கு நினைவில்லை. மணி அடித்தும் யாரும் வெளியே போகவில்லை. "தொறங்க டீச்சர், தொறங்க டீச்சர்," என்று மேசையைச் சுற்றிக்கொண்டார்கள். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "பேச்சி, இத ஸ்டாஃப் ரூம்ல கொண்டு வச்சிரு," என்றாள். முத்துப்பேச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் அது அவள் முகம்வரை எழும்பியது. துணிக்கு மேலாக அவள் டீச்சரைப் பார்த்தாள். பிறகு பெட்டியை மெல்ல இறக்கி, உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து நடந்தாள். "தள்ளுங்கட்டி, சுடுது."