பேராசிரியர் பெயர் முன்னால்

“இன்னொரு துண்டு வைக்கட்டுமா, புரொபசர்?” என்றாள் விரிவுரையாளர் நேஷா, தான் சுட்டு எடுத்து வந்திருந்த பொதீத்சா என்ற வால்நட் கேக்கை வெட்டியபடி.

பேராசிரியர் பொகோமிர் மீசையில் ஒட்டிய தூளைத் துடைத்துக்கொண்டு, அவள் நீட்டிய கட்டுரையின் முதல் பக்கத்தைப் பார்த்தார். தொல்மின் மலைச் சீஸ் என்று போலி லேபிள் ஒட்டி விற்பவர்களைச் சட்டம் எப்படி மடக்கலாம் என்பது விஷயம். எழுதியவர்கள் என்ற இடத்தில் அவர் பெயர் முதலில், அவள் பெயர் அடுத்து.

“நான் ஒரு வரிகூட எழுதலையேம்மா.”

“அதனால என்ன? ஸ்லோவேனியாவுல சீஸ் பேர் சட்டம் தெரிஞ்சவர் உங்களை விட்டா யாரு இருக்கா?”

“யாரும் இல்லதான்,” என்று அடக்கமாக ஒப்புக்கொண்டார். “ஆனா, இதை எங்கேயோ படிச்ச மாதிரி இருக்கே?”

“நல்ல கட்டுரைன்னா அப்படித்தான் தோணும், புரொபசர்.”

அவர் மறுபக்கம் புரட்டாமலே கையெழுத்துப் போட்டார். மூன்றாவது துண்டையும் எடுத்துக்கொண்டார்.

நேஷா தன் அறைக்குத் திரும்பியதும் பக்கத்து மேசை தாதேய் பொங்கினான். “வெட்கமா இல்ல உனக்கு? ரெண்டு வருஷம் மலைப் பண்ணை பண்ணையா அலைஞ்சு எழுதினது நீ. போலி லேபிளைப் பத்தின கட்டுரைக்கே போலி லேபிளா!”

“கத்தாதே. செப்டம்பருக்குள்ள இது சட்ட இதழ்ல வரலைன்னா என் வேலை போயிடும்.”

அது உண்மை. இதே கட்டுரையை அந்தச் சட்ட இதழ் இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தது. பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் இரண்டு முறையும் ஒரே வரியில் முடித்திருந்தார்: ‘எழுதியவருக்கு விஷய ஞானம் போதாது.’

“அதுக்காக இப்படிக் காக்கா பிடிக்கணுமா? மதிப்பீடு பண்றவருக்கு எழுதினவங்க பேரையே மறைச்சுத்தான் அனுப்புவாங்க. பொகோமிர் பேரைப் போட்டு உனக்கு என்ன லாபம்? பொதீத்சாதான் தண்டம்!”

நேஷா கட்டுரையை இதழுக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். மிச்சமிருந்த துண்டை அவன் பக்கம் தள்ளினாள்.

“இதழ் நடத்துறவங்களுக்குப் பேர் தெரியுமில்ல? இந்தத் தடவையும் அவர்கிட்டயே மதிப்பீட்டுக்கு அனுப்ப முடியாதே!”